மாடு இறங்காத கரை

நாணல் என்றதும் பள்ளிக்கூடத்தில் படித்த கதைதான் பலருக்கு ஞாபகம் வரும். வெள்ளத்தில் விறைத்து நின்ற மரம் சாய்ந்துவிட்டது, வளைந்து கொடுத்த நாணல் பிழைத்துக்கொண்டது. பணிவுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். வாய்க்கால் வெட்டுற ஆளைக் கேட்டுப் பாருங்க, வேற கதை சொல்வார். "அது எங்கங்க வளையுது? வெட்ட வெட்ட வருது." நாம் பார்க்கிற தட்டையும் பூவும் பாதி நாணல்தான். மீதிப் பாதி சேற்றுக்குள் கணுக்கணுவாகக் கிழங்கு ஓடிக் கிடக்கும். மேலே அறுத்தால் கீழே இருப்பதற்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இந்தப் பதிவு நம்ம வாய்க்கால் நாணலைப் பற்றி இல்லை. ஐரோப்பாவின் வடக்கே பால்டிக் என்று ஒரு கடல். அதன் கரை முழுக்க நாணல் மண்டிக்கிடக்கிறது. பின்லாந்தின் தெற்குக் கரையில் மட்டும் சுமார் 30,000 ஹெக்டேர் என்று செயற்கைக்கோள் படத்தை வைத்து அளந்திருக்கிறார்கள். நம்ம கணக்கில் 75,000 ஏக்கர். அதை வெட்டி எரித்து ஊருக்குச் சூடு கொடுக்கலாமா என்று ஐம்பது வருஷமாக முயன்றுகொண்டிருக்கிறார்கள். கடைமடையில் நெல் போடுகிறவனுக்கு அந்தக் கதையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கதையின் தொடக்கத்தில் மாடு இருக்கிறது. மாடு போன கதை எந்த ஊரில் நடந்தாலும் எனக்கு நின்று கேட்கத் தோன்றும்.

முதலில் கடலைப் பற்றிக் கொஞ்சம். பால்டிக் கடலின் தண்ணீர் நம்ம வங்கக்கடல் மாதிரி உப்புக் கரிக்காது. ஒரு லிட்டர் கடல்நீரில் பொதுவாக 35 கிராம் உப்பு என்றால், அங்கே பெரும்பாலான இடங்களில் மேல்மட்டத் தண்ணீரில் 5 முதல் 7 கிராம்தான். ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் அதிகம். பெருங்கடலோடு சேரும் வாசலோ டென்மார்க் பக்கம் குறுகலாக இருக்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் ஒருமுறை முழுசாக மாற முப்பது வருஷம் ஆகுமாம். ஓதம் ஏறி இறங்குவதும் கண்ணுக்குத் தெரியாத அளவு. அலை அடங்கிய குடாக்களில் பார்த்தால் கடல் என்றே தோன்றாது, ஏரி மாதிரி இருக்கும். இந்த அரை உப்பு நாணலுக்கு ஒரு தடையே இல்லை.

இன்னொரு அதிசயம், அங்கே நிலம் மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது. பனியுகத்தில் பல கிலோமீட்டர் தடிமனில் பனி அமர்ந்து தரையை அழுத்தியிருந்தது. பனி உருகிப் பத்தாயிரம் வருஷமாகியும் அழுந்திய தரை இன்னும் நிமிர்ந்தபாடில்லை. பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே குவார்க்கன் என்ற தீவுக்கூட்டத்தில் வருஷத்துக்கு 8 மில்லிமீட்டருக்கு மேல் நிலம் உயர்கிறது. தாத்தா படகு கட்டிய துறை பேரன் காலத்தில் புல்தரையாகிவிடும். கடலிலிருந்து புதிதாக வெளியே வரும் அந்த ஈர நிலத்தில் முதலில் யார் இடம் பிடிப்பது என்பதுதான் போட்டி.

பல நூற்றாண்டுகளாக அந்தப் போட்டியில் ஜெயித்தது மாடு. கரையோரக் குடியானவர்கள் கோடையில் மாடு, குதிரை, ஆடு எல்லாவற்றையும் கடலோரம் ஓட்டிவிட்டார்கள். மாடு தண்ணீருக்குள் வயிறு நனைய இறங்கி இளம் நாணல் குருத்தைக் கடிக்கும். நாணல் குருத்து மாட்டுக்கு நல்ல தீனி, கரும்புத் தோகை மாதிரி. குருத்திலேயே கடிபட்டு, குளம்பிலும் மிதிபட்டால் எந்த நாணலும் நிமிராது. மேய்ந்தது போக மீந்ததைக் கோடையில் அறுத்து உலர்த்திக் குளிர்காலத் தீவனமாக வைத்துக்கொண்டார்கள். கடல் உறைந்தபின் பனிக்கட்டி மேல் நடந்துபோய்க் காய்ந்த தட்டையை அறுத்துக் கூரை வேய்ந்தார்கள். இப்படி நாணலுக்கு வருஷம் முழுக்க வேலை இருந்தது, ஆனால் அது தலைதூக்க இடம் இருக்கவில்லை. கரையில் நின்றது கணுக்கால் உயரப் புல்வெளிதான். நம்ம ஊர் அறுவடை முடிந்த வயலுக்குப் பனிக்காலத்தில் வந்து இறங்குமே, பேதை உள்ளான், அந்த இனப் பறவை கூடு கட்டும் இடங்களில் அந்தக் கடலோரப் புல்வெளியும் ஒன்று. அதற்கு நாலு பக்கமும் பார்வை தெரியணும். உயரமான நாணல் நடுவே அது முட்டையிடாது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இந்த ஏற்பாடு கலைந்தது. நாலு மாடு வைத்திருந்த சிறு குடும்பங்கள் பண்ணையை விட்டுப் பட்டணம் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் மாட்டைக் கொட்டகையில் கட்டி, வயலில் விதைத்த தீவனத்தைப் போட்டார்கள். கூரைக்கு ஓடும் தகரமும் வந்துவிட்டன. கடலோரத்துக்கு மாட்டை ஓட்டிப்போக ஆளும் இல்லை, தேவையும் இல்லை. அதே சமயம் வயலில் உரம் கொட்ட ஆரம்பித்தார்கள். பயிர் எடுத்தது போக மிஞ்சிய தழைச்சத்தும் மணிச்சத்தும், ஊர்களின் சாக்கடையும் ஆறு வழியாகக் கடலுக்குள் போயின. முப்பது வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாறும் கடல்! உள்ளே போனது உள்ளேயே கிடந்தது. மாட்டு வாயும் இல்லை, உரத்துக்கும் குறைவில்லை. நாணலுக்கு இதைவிட என்ன வேணும்?

எஸ்டோனியாவில் இதுவே இன்னும் கடுமையாக நடந்தது. அது அப்போது சோவியத் ஆட்சியில் இருந்தது. 1949 மார்ச்சில் அந்தச் சின்ன நாட்டிலிருந்து சுமார் 20,000 பேரைச் சைபீரியப் பக்கம் நாடு கடத்தினார்கள். பயந்துபோன மற்ற குடியானவர்கள் மாடு கன்றோடு கூட்டுப்பண்ணையில் சேர்ந்தார்கள். கடற்கரையோ மேற்கு நாடுகளைப் பார்த்த எல்லை. அங்கே போகவே அனுமதிச்சீட்டு வேண்டும், படகுக்கும் கட்டுப்பாடு. சொந்த ஊர்க் கடலோரத்தில் மாடு மேய்ப்பதற்கு எல்லைக்காவல்காரன் முகத்தைப் பார்க்க வேண்டிய நிலை. அங்கே மத்சலு என்று ஒரு குடா. 1957-இல் பறவைகளுக்காகக் காப்பிடமாக்கி, 2004-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம். சுமார் 3,000 ஹெக்டேர் நாணற்காடு இன்று அங்கே நிற்கிறது. படம் பார்க்கிறவர்களுக்கு ஆதிகாலத்து இயற்கை மாதிரி இருக்கும். உண்மையில் அதில் பெரும்பகுதி மனுஷன் மேய்ச்சலை விட்டபின் விரிந்தது. காடு என்று நாம் வியக்கிற சிலது, யாரோ ஒருத்தர் கைவிட்டுப் போன நிலம்தான்.

இந்த நாணலை எரிக்கலாம் என்ற யோசனையைக் கொண்டுவந்தது பெட்ரோல் விலை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது ஸ்வீடன் ஆடிப்போனது. வீட்டுச் சூடு முதல் ஆலை வரை பெரும்பங்கு இறக்குமதி எண்ணெயில் ஓடிக்கொண்டிருந்த நாடு அது. லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்வென் பியோர்க் என்று ஒரு ஏரி ஆராய்ச்சியாளர். அதுவரை அவர் வேலை நாணலை ஒழிப்பது. ஹோர்ன்போர்யா என்ற ஏரியை வயலாக்கும் ஆசையில் 1802-இல் தொடங்கி 1930-கள் வரை ஐந்து முறை வடித்திருந்தார்கள். வயலும் சரியாக வரவில்லை, ஏரியும் நாணலாகிப் போனது. அந்த ஏரியை மீட்க நாணலையும் அதன் வேர்ப்பாயையும் எந்திரத்தால் சீவி எடுக்கும் முறையை வகுத்தவர் பியோர்க். அவரும் கிரானேலி என்பவரும் 1978-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆற்றல் நாணல், அதாவது எரிபொருளுக்காக நாணலை அறுப்பது பற்றியது. வேண்டாத குப்பையாகப் பார்த்ததை விறகாகப் பார்த்தார்கள்.

விறகாக நாணல் எப்படி? காய்ந்த நாணலின் சூடு ஏறக்குறைய மர விறகுக்குச் சமம். நம்ம வீட்டுச் சமையல் சிலிண்டர் ஒன்றில் இருக்கும் சூட்டுக்கு நாற்பது நாற்பத்தைந்து கிலோ நாணல் போதும். பின்லாந்துக் கரையில் குளிர்காலத்தில் அறுத்தால் ஹெக்டேருக்கு சுமார் 5 டன் கிடைக்கும். எண்ணெயில் சொன்னால் ஏறக்குறைய 2,000 லிட்டருக்கு ஈடு. விதை இல்லை, உழவு இல்லை, உரம் இல்லை. கேட்கும்போது யாருக்கும் ஆசை வரும்.

வைக்கோல் ஏற்றிப் பழகியவர்களுக்கு அடுத்த சிக்கல் உடனே புரியும். லாரி ரொம்பியிருக்கும், எடை இருக்காது. காற்றைத்தான் ஏற்றிக்கொண்டு போகிறோம். தூரம் கூடக்கூட, அறுத்த நாணலின் லாபத்தை லாரி டீசலே தின்றுவிடும். அடுத்தது சாம்பல். மர விறகு ஒரு டன் எரித்தால் சாம்பல் ஐந்தாறு கிலோதான் மிஞ்சும். நாணலில் முப்பது முதல் ஐம்பது கிலோ, அதில் பெரும்பகுதி மணல்சத்து, உமிச்சாம்பல் மாதிரி. மரத்துண்டுக்கென்று கட்டிய கொதிகலனில் இதைப் போட்டால் அள்ளி மாளாது. மூன்றாவதாக, 1986-இல் எண்ணெய் விலை தடாலென்று விழுந்தது. நாணலை விறகாக்கும் பேச்சும் கூடவே அமுங்கிப் போனது.

நாணலைப் பெருவாரியாக அறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதற்கு முன்பே ஒரு பாடம் இருந்தது. பால்டிக்கில் இல்லை, தெற்கே கருங்கடல் கரையில், ருமேனியாவின் டான்யூப் டெல்டாவில். உலகின் மிகப் பெரிய நாணற்காடுகளில் ஒன்று அது. 1950-களில் அங்கிருந்த கம்யூனிஸ்ட் அரசு அந்த நாணலிலிருந்து காகிதக்கூழ் எடுக்கப் பெரிய திட்டம் போட்டது. பிரெய்லா நகருக்குப் பக்கத்தில் ஆலை கட்டினார்கள். அறுக்க ஆள்? டெல்டாவின் ஓரத்தில் பெரிப்ராவா என்ற இடத்தில் முகாம் போட்டு, அரசியல் கைதிகளைக் குளிர்நீரில் இறக்கி நாணல் அறுக்க விட்டார்கள். தினம் இத்தனை கட்டு என்று கணக்கு. அந்த முகாமின் தளபதியாக இருந்த யோன் ஃபிச்சியோர் மீது, 1958-க்கும் 1963-க்கும் இடையே அங்கே 103 கைதிகள் செத்ததற்குப் பொறுப்பாளி என்று வழக்கு நடந்து, 2016-இல் 20 வருஷச் சிறை விதித்தார்கள். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. ஒரு கட்டு நாணலுக்குப் பின்னால் இப்படியும் ஒரு வரலாறு இருக்கிறது.

ஆளுக்குப் பிறகு எந்திரம் வந்தது. 1960-களின் நடுவில் டெல்டாவின் அறுவடை வருஷத்துக்கு 2 லட்சம் டன்னைத் தாண்டியது. அதோடு சரி, பிறகு இறங்குமுகம். காரணம் எந்த டிராக்டர்காரருக்கும் தெரிந்ததுதான். ஈரச் சேற்றில் கனத்த சங்கிலிச்சக்கர வண்டி ஓடினால் அடியில் கிடக்கும் கிழங்கு நசுங்கும். நசுங்கிய இடத்தில் தண்ணீர் புகுந்து அழுகும். அடுத்த வருஷம் குருத்து குறையும், அதற்கடுத்த வருஷம் அந்த இடத்தில் வேறு புல் நிற்கும். "வெட்ட வெட்ட வருது" என்று நம்பி வெட்டினார்கள். வெட்டினால் வரும், நசுக்கினால் வராது. பின்னால் நாணல் அறுக்கிறவர்கள் பலூன் மாதிரிப் பெரிய சக்கரம் வைத்த வண்டிகளைத் தேடிப் போனதற்கு இதே கவலைதான் காரணம். டென்மார்க்கின் சைகா வண்டி அந்த வகை. எடையைப் பரப்பிக்கொண்டு தண்ணீரிலும் மிதந்து போகும்.

2000-களில் நாணல் பேச்சு பால்டிக்கில் மறுபடி எழுந்தது. இந்தத் தடவை எண்ணெய் விலை மட்டும் காரணம் இல்லை. கடல் கெட்டுப்போய்விட்டது. கோடையில் பச்சைப் பாசி படர்ந்து, ஆழத்தில் மூச்சுக்காற்று இல்லாமல் போனது. பின்லாந்தும் எஸ்டோனியாவும் சேர்ந்து நாணலை என்ன செய்வது என்றே திட்டம் வகுத்தார்கள். நாணல் கடலிலிருந்து சத்தை உறிஞ்சி வளர்கிறது, அதை வெட்டி வெளியே எடுத்தால் கடலுக்குள் போன உரத்தில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்த மாதிரி, எரித்தால் சூடும் கிடைக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்றுதான் முதலில் நினைத்தார்கள்.

மாங்காய் இரண்டும் ஒரே பருவத்தில் காய்ப்பதில்லை. நெல் கதிர் முற்றும்போது இலையில் இருக்கும் சத்து மணிக்கு இறங்குமே, அதுபோல நாணல் இலையுதிர் காலத்தில் தட்டையில் இருக்கும் சத்தைக் கிழங்குக்கு இறக்கி வைத்துக்கொள்ளும். ஆகஸ்டில் பச்சையாக அறுத்தால் ஹெக்டேருக்குச் சில கிலோ பாஸ்பரஸ் கையோடு வெளியே வரும். ஆனால் அந்தப் பச்சை எரியாது. உலர்த்தி எரித்தாலும் அதில் இருக்கும் பொட்டாசியமும் குளோரினும் கொதிகலனை அரிக்கும், சாம்பல் உருகிக் கட்டிதட்டும். பிப்ரவரியில் அறுத்தால் மழையும் பனியும் கழுவி, காற்றில் உலர்ந்து, அருமையான விறகு. ஆனால் கடலைக் கெடுக்கும் சத்து அதற்குள் பத்திரமாகக் கிழங்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். கடலைச் சுத்தம் பண்ண வெட்டினால் விறகு கிடைக்காது, விறகுக்கு வெட்டினால் கடல் சுத்தமாகாது. கோடையில் அறுத்ததைச் சாண எரிவாயுக் கலனில் போடலாம், வயலுக்கு மூடாக்கு போடலாம். அதையும் முயன்று பார்க்கிறார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தால் மூடாக்குப் பக்கம்தான் நிற்பேன். கடலுக்குப் போன உரம் வயலுக்கே திரும்புகிறது, கணக்கு நேராகிறது.

வெட்டும் உயரத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாணலின் தட்டை உள்ளே குழல். சேற்றுக்குள் கிடக்கும் கிழங்கு அந்தக் குழல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. காய்ந்துபோன பழைய தட்டைகூடக் காற்றை இறக்கிக் கொடுக்கும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே வெட்டினால் அடுத்த வருஷம் நாணல் தளதளவென்று வரும். கோடையில் தண்ணீருக்கு அடியில் வெட்டினால் குழலில் தண்ணீர் புகுந்து கிழங்குக்கு மூச்சு முட்டும், இரண்டு மூன்று தடவையில் செத்துப்போகும். ஆகவே நாணல் வேணுமா வேண்டாமா என்பதை முதலில் முடிவு பண்ணிக்கொண்டுதான் கத்தியை வைக்கணும்.

அங்கேதான் பறவைக்காரர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். பேதை உள்ளானுக்குக் குட்டைப்புல் வேண்டும். சேற்றுப் பூனைப்பருந்துக்கும் கதிர்க்குருவிக்கும் ஆளுயர நாணல் வேண்டும், அதுவும் சிலதுக்குப் போன வருஷத்துக் காய்ந்த நாணலே வேண்டும். மொத்தமாக அறுத்துவிட்டால் வசந்தத்தில் வந்து இறங்குவதற்குக் கூடு கட்ட இடம் இருக்காது. அதனால் பட்டை பட்டையாக, ஒரு பகுதியை அறுத்து ஒரு பகுதியை விட்டு, சுழற்சி முறையில் செய்யச் சொல்கிறார்கள். பறவைக்கு நல்லது. வண்டி ஓட்டுகிறவனுக்கு டீசல் செலவு.

ஜெர்மனியில் வேறு வழியில் போனார்கள். கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் யோஸ்டன் என்ற சதுப்பு ஆராய்ச்சியாளரும் அவரது சகாக்களும் கேட்ட கேள்வி எளிமையானது: சதுப்பை வடித்து வயலாக்குவதற்குப் பதில், ஈரமாகவே விட்டு அதில் விளைவதை அறுத்தால் என்ன? வடித்த சதுப்பில் மண்ணே மெல்ல மக்கி, கரியமில வாயுவாகப் போய்க்கொண்டிருக்கும். ஈரத்தில் விட்டால் நிற்கும். சதுப்பு வேளாண்மை என்ற இந்த யோசனைக்கு அங்கே ஆதரவு பெருகி, 2021-இல் யோஸ்டனுக்கு ஜெர்மனியின் சுற்றுச்சூழல் பரிசும் கிடைத்தது. கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி மால்ஹின் என்ற சிற்றூரில் 2014 முதல் 800 கிலோவாட் கொதிகலன் ஒன்று ஓடுகிறது. பக்கத்து ஏரிக்கரையில் ஈர நிலத்தில் அறுத்த கோரையும் புல்லும்தான் விறகு. ஒரே இடத்தில் தண்ணீரைக் காய்ச்சிக் குழாய் வழியாக 500-க்கு மேற்பட்ட வீடுகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சூடு அனுப்புகிறார்கள். எஸ்டோனியாவில் மத்சலு பக்கத்து லிஹுலாவிலும் ஈரப்புல்வெளியில் அறுத்த புல்லை எரித்து ஊர்க் கொதிகலனை ஓட்டினார்கள். கவனித்தீர்களா, ரெண்டு இடத்திலும் கைக்கெட்டும் தூரத்தில் அறுப்பு, கட்டாக்கிய புல்லுக்கென்றே கட்டிய அடுப்பு, வாங்கிக்கொள்ள ஒரு ஊர். இந்த மூணும் சேர்ந்த இடத்தில் நடக்கிறது. மற்ற இடங்களில் திட்டம் முடிந்ததும் அறுப்பும் முடிந்துவிடுகிறது.

நம்ம பக்கம் இதைப் படிக்கும்போது சீமைக்கருவேல்தான் ஞாபகம் வந்தது. மேய்ச்சல் நிலமும் கண்மாயும் பராமரிப்பு விட்டுப்போன இடத்தில் அது ஏறியது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரிமூட்டம் போட்டும், மின்சாரம் எடுக்கும் ஆலைக்கு விறகாகவும் வெட்டுகிறார்கள். அதை நம்பிப் பிழைக்கிறவர்களும் உண்டு. வேண்டாத மரத்தை ஒரு ஆலைக்குத் தீனியாக்கிவிட்டால், அது ஒழியணும் என்று யார் நினைப்பார்கள் என்பது எனக்கு இன்னும் விடை கிடைக்காத கேள்வி. பால்டிக் நாணலுக்கும் அதே கேள்வி பொருந்தும்.

எஸ்டோனியா 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. அதன் பிறகு கடலோரப் புல்வெளியில் மாடு மேய்ப்பவருக்கு ஹெக்டேருக்கு இவ்வளவு என்று மானியம் கிடைக்கிறது. மத்சலுவில் நீளமுடி வைத்த ஸ்காட்லாந்து மாடுகள் வயிறு நனைய நின்று நாணல் குருத்தைக் கடிக்கும் படங்களைப் பார்த்தேன். ஒரு காலத்தில் யாரும் கூலி கொடுக்காமல் நடந்த வேலைக்கு இப்போது அரசு பணம் கொடுக்கிறது. பாலுக்காகவோ கறிக்காகவோ மட்டும் அல்ல, மேய்வதற்காகவே மாட்டுக்குச் சம்பளம்! எனக்கு அது கேலியாகப் படவில்லை.

மாட்டுக்கு எட்டாத ஆழத்தில் நிற்கும் நாணலுக்கு எந்திரம்தான் போகணும். பழையபடி கடல் உறைந்தால் எந்தச் சாதாரண வண்டியும் பனிக்கட்டி மேல் ஓடி அறுத்துவிடும், கிழங்குக்கும் சேதம் இல்லை. இப்போது பல குளிர்காலங்களில் தெற்குக் கரையோரம் வண்டியைத் தாங்கும் அளவுக்கு உறைவதில்லை. அந்த வருஷங்களில் பலூன் சக்கர வண்டி இருக்கிறவர் மட்டும் இறங்குகிறார். மற்றவர்களின் வண்டி மார்ச் வரை கரையில் நின்றுவிட்டு, பறவை வர ஆரம்பித்ததும் கொட்டகைக்குத் திரும்பிவிடுகிறது.